மத்தியஸ்தமும் சேர்ந்து நிற்கும் உரிமையும்

அங்கத்தினர் கல்விப் பாடம்

மத்தியஸ்தம் என்ற சொல் நம் சங்க அங்கத்தினர்களுக்குப் புதியதன்று. வரப்புத் தகராறு வந்தால், இரு தரப்பாரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசி முடிப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். கூட்டுறவுச் சங்கத்திற்குள் இவ்வழக்கம் சட்டமாகவே அமைந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆவது பிரிவின்படி, சங்கத்தின் நிர்வாகத்தையோ வியாபாரத்தையோ பற்றி அங்கத்தினருக்கும் சங்கத்திற்கும் இடையே எழும் தாவா பதிவாளரிடம் செல்கிறது. அவர் தாமே தீர்ப்பளிக்கலாம். அல்லது மத்தியஸ்தர் ஒருவரிடம் அதனை ஒப்படைக்கலாம். நெசவாளருக்குக் கொடுத்த நூலின் எடையில் வித்தியாசம் வந்தாலும், கடன் கணக்கில் வட்டி கூடுதலாக எழுதப்பட்டிருந்தாலும், வழி இதுவே. கோர்ட்டு வாசலில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட இது சுருக்கமானது, செலவு குறைந்தது என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

ஆகையினால்தான் இம்மாதப் பாடம் அவசியமாகிறது. "வேலை சம்பந்தமாக எழும் எல்லாத் தகராறுகளையும் மத்தியஸ்தர் மூலமே தீர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று அச்சிட்ட தாள் ஒன்றை ஒரு கம்பெனி நீட்டினால், நம் வீட்டுப் பிள்ளைகள் அதில் குற்றமொன்றும் காணமாட்டார்கள். நம் சங்கத்தில் நடப்பதுதானே அங்கும் நடக்கப் போகிறது என்று எண்ணிக் கையெழுத்திட்டு விடுவார்கள். பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்று என்று கொள்வது தவறு. ஒரே பெயரை உடைய இரண்டு வேறு காரியங்களைப் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

நம் பகுதிக்கு இது எட்டாத விஷயமன்று. கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகின்ற இந்தக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நிலம் உள்ளவர்க்கே ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. நிலமற்றோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரம், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விஷச் சாராயத்தால் நாடறியத் துயருற்ற இடம். அத்துயரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். சம்பாதிப்பவரை இழந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணோ பிள்ளையோ வெளியூர் மில்லுக்குப் புறப்பட நேர்ந்தால், வேலை கிடைத்ததே போதும் என்ற நினைவுதான் மேலோங்கி நிற்கும். வாசலில் நீட்டப்படும் தாளை வரிவரியாக வாசிக்கும் பொறுமை அந்நேரத்தில் எவர்க்கு இருக்கும்? கல்வராயன் மலையிலிருந்து முன்பணம் பெற்று வெளியூர் வேலைக்கு இறங்குவோர் நிலையும் இத்தகையதே. எவனுக்குத் தேவை அதிகமோ அவனிடம் கையெழுத்து எளிதில் வாங்கலாம். ஆகவே அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது, சங்கமாகக் கூடியிருக்கும் நம் கடமை.

1. ஒரு பெயர், இரண்டு காரியங்கள்

முதலாவது வகை மத்தியஸ்தம் இவ்வாறு நடைபெறும். தொழிலாளர் ஒரு சங்கமாகச் சேர்ந்திருக்கின்றனர். கூலியைப் பற்றியோ வேலை நேரத்தைப் பற்றியோ தகராறு எழுகிறது. இரு தரப்பாரும் பேசிப் பார்த்து முடியாமற் போகவே, இருவருக்கும் சம்மதமான ஒருவரை மத்தியஸ்தராக நியமித்து, அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுக்கின்றனர். இதில் தகராறு இன்னதென்பது எல்லோருக்கும் தெரியும். மத்தியஸ்தர் யார் என்பதும் தெரியும். சம்மதம் சொல்பவர் சேர்ந்து நின்று சொல்கின்றனர்.

இரண்டாவது வகை இதற்கு நேர் மாறானது. தகராறு இன்னும் பிறக்கவில்லை. வேலைக்குச் சேரும் நாளில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கையெழுத்து வாங்கப்படுகிறது. மத்தியஸ்தர் யார், அவருக்கு ஊதியம் தருபவர் யார், விசாரணை எந்த ஊரில் நடக்கும் என்பவற்றைக் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. இவற்றோடு, "பிறரோடு சேர்ந்து பிராது கொடுக்கமாட்டேன், தனியாகவே கொடுப்பேன்" என்ற ஷரத்தும் சில தேசங்களில் சேர்க்கப்படுகிறது. கையெழுத்திட மறுத்தால் வேலை இல்லை.

இந்தக் கடைசி ஷரத்தின் பலத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஓர் ஆலையில் 300 பேர் வேலை செய்வதாகவும், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுக்கப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை என்றால், ஒருவருக்கு மாதம் 520 ரூபாயும் ஆண்டொன்றுக்கு 6,240 ரூபாயும் நஷ்டம். ஆறாயிரம் ரூபாய்க்காக ஒருவர் வேலையை விட்டு, பஸ் செலவு செய்து, வக்கீலையும் அமர்த்தி வழக்காடுவாரா? ஆடமாட்டார். ஆனால் 300 பேருக்கும் சேர்த்து ஆண்டுக்குக் குறைந்த தொகை 18,72,000 ரூபாய். தனியே பார்த்தால் வழக்குக்கு ஆகாத சிறு தொகை, சேர்த்துப் பார்த்தால் பெருந்தொகையாகிறது. சேர்ந்து பிராது கொடுக்கலாகாது என்பதன் பொருள், அந்தப் பதினெட்டு லட்சத்தை ஒருவரும் கேட்கமாட்டார் என்பதே. நூறு குடும்பத்துப் பால் ஒன்று சேர்ந்தாலல்லவா லாரி வந்து நிற்கிறது? கூட்டுறவின் இந்த முதற் பாடத்தை அறிந்தவர்க்கு அந்த ஷரத்தின் கெடுதி எளிதில் விளங்கும்.

2. அகமதாபாத்தில் நடந்தது

முதலாவது வகைக்கு நெசவுத் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 1917ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர் ஊரை விட்டு ஓடிவிடாதிருக்கும் பொருட்டு ஆலை முதலாளிகள் அவர்களுக்குப் போனஸ் கொடுத்து வந்தனர். நோய் தணிந்ததும் போனஸை நிறுத்த முற்பட்டனர். யுத்த காலமாதலால் விலைவாசி ஏறியிருந்தது. தொழிலாளர் காந்தியடிகளின் ஆலோசனைப்படி 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 சதவீதத்திற்கு மேல் தரமுடியாது என்றனர். முதலில் மத்தியஸ்தர் குழு ஒன்று அமைந்தது. இடையில் சில தொழிலாளர் வேலையை நிறுத்தியதைக் காரணம் காட்டி முதலாளிகள் அதிலிருந்து விலகிக்கொண்டனர். 1918 பிப்ரவரி 22ஆம் தேதி ஆலைகளில் கதவடைப்புத் தொடங்கிற்று.

அதன்பின் தொழிலாளர் கூடிப் பிரதிக்கினை செய்துகொண்டு, அமைதியாக உறுதியோடு நின்றனர். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்று உழைத்தவர் அவருடைய சகோதரி அனசூயா சாராபாய். மன உறுதி தளரத் தொடங்கிய சமயத்தில் காந்தியடிகள் மார்ச்சு 15ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றே நாளில், தகராறு முழுவதையும் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவரின் மத்தியஸ்தத்திற்கு விடுவதென்று முடிவாயிற்று. அவர் விசாரித்து, தொழிலாளர் கேட்ட 35 சதவீதத்தையே தீர்ப்பாக அளித்தார். 1920இல் மஜூர் மகாஜன் என்னும் தொழிற்சங்கம் அங்கே நிறுவப்பெற்றது. தொழிலாளர் சார்பில் ஒருவரும் முதலாளிகள் சார்பில் ஒருவருமாக நிரந்தர மத்தியஸ்த ஏற்பாடும் உருவாயிற்று.

நாம் இங்கே கவனிக்க வேண்டுவது நிகழ்ச்சிகளின் வரிசையை. முதலில் தகராறு, அடுத்து ஒற்றுமை, அதன்பின் மத்தியஸ்தம். சேர்ந்து நிற்கும் பலம் இருந்தமையால்தான் முதலாளிகள் மத்தியஸ்தத்திற்கு மீண்டும் வந்தனர். அப்பலத்தை முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் துருவர் வரை விஷயம் சென்றிராது.

3. சென்னையில் நடந்தது

அதே 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர்ப் பகுதியிலிருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர், மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்று குறைப்பட்டு வந்தனர். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகிய இருவரும் அக்குறைகளைப் பி. பி. வாடியாவிடம் கொண்டு சென்றனர். வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணை நின்றார்.

1920ஆம் ஆண்டு தகராறு முற்றியபோது, ஆலைக் கம்பெனியார் சங்கத் தலைவர்கள் மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளர் கம்பெனியோடு செய்துகொண்ட வேலை ஒப்பந்தத்தை முறிக்குமாறு இவர்கள் தூண்டினர், அதனால் எங்களுக்கு நஷ்டம் என்பது அவர்கள் வாதம். கோர்ட்டும் தலைவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு பிறப்பித்தது. அதாவது, ஒவ்வொரு தொழிலாளியும் தனியே செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று இருப்பதனால், அவர்கள் சேர்ந்து நிற்கச் சொல்வதே குற்றமாகிவிட்டது. தனி ஒப்பந்தத்திற்கும் கூட்டு நடவடிக்கைக்கும் உள்ள பகை இந்நாட்டில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது அன்றுதான்.

அதன் விளைவு நாடெங்கும் உணரப்பட்டது. என். எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமெனத் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பலனாக 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் உருவாகி, 1927 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. பதிவு பெற்ற சங்கம் தொழில் தகராறை முன்னிட்டுச் செய்யும் காரியத்தினால் வேலை ஒப்பந்தம் முறிவுற்றது என்ற ஒரே காரணத்திற்காக அதன்மீது சிவில் வழக்குத் தொடரலாகாது என்று அச்சட்டம் விதித்தது. வாடியா மீது எய்த அம்பு இனி எவர்மீதும் எய்யப்படாதிருக்கும் பொருட்டே அவ்விதி எழுந்தது.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. 1921ஆம் ஆண்டு அதே ஆலைகளில் நடந்த நெடிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதியால் பிரிந்தனர். ஒரு சாரார் வேலைக்குத் திரும்ப, மறு சாரார் சினங்கொள்ள, புளியந்தோப்பில் கலகமும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன, வேலைநிறுத்தமும் தோற்றது. சேர்ந்து நிற்கும் உரிமையைச் சட்டம் தரலாம்; சேர்ந்து நிற்கும் மனத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

4. இன்றைய சட்டம் சொல்வது

நம் அரசியல் சாசனத்தின் 19ஆவது விதி, சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்திருக்கிறது. 2011ஆம் ஆண்டின் 97ஆவது திருத்தத்தால் அதே வாசகத்தில் 'கூட்டுறவுச் சங்கங்கள்' என்ற சொற்களும் சேர்க்கப்பட்டன. ஆகவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் உரிமையும், ஆலைத் தொழிலாளர் தொழிற்சங்கம் நடத்தும் உரிமையும் ஒரே வரியில் நிற்கின்றன. ஒன்றை வலுவிழக்க விட்டால் மற்றொன்றும் வலுவிழக்கும்.

சங்கம் அமைப்பது அடிப்படை உரிமையாயினும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று; அது சட்டத்தால் கிடைத்து, சட்டத்தால் கட்டுப்பட்ட உரிமை. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்து கூட்டங்கூட்டமாக நீக்கப்பட்டபோது எழுந்த ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றே சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. இதனை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

நெடுங்காலம் அமலில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், தாமே விரும்பி மத்தியஸ்தத்திற்கு விடும் முறை 1956இல் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்திற்கும் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கும் பதிலாக, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ளது. சங்கங்களுக்கு இருந்த வழக்குப் பாதுகாப்பு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. மத்தியஸ்த முறையும் தொடர்கிறது. அதன் வாசகம் கவனிக்கத்தக்கது: தகராறு ஒன்று 'இருக்கும்போது அல்லது எழக்கூடும் என்று அஞ்சும்போது', முதலாளியும் தொழிலாளரும் எழுத்து மூலம் உடன்பட்டு, மத்தியஸ்தரின் பெயரைக் குறித்து அவரிடம் விடலாம். உடன்படிக்கையின் நகல் சர்க்காருக்கு அனுப்பப்பட வேண்டும். இது மேலே சொன்ன முதலாவது வகை என்பது வெளிப்படை. வேலைக்குச் சேரும் நாளில் ஒருவரிடம் வாங்கும் அச்சுக் கையெழுத்திற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் அந்த அச்சுத் தாள் செல்லுமா? கிங்ஃபிஷர் விமானக் கம்பெனியின் ஊழியர் சிலர் சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர் கோர்ட்டை அணுகியபோது, வேலை ஒப்பந்தத்தில் மத்தியஸ்த ஷரத்து இருக்கிறது, ஆகவே கோர்ட்டு விசாரிக்கலாகாது என்று கம்பெனி வாதித்தது. 2012ஆம் ஆண்டு பம்பாய் ஹைகோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. தொழிலாளர் நலனுக்காகத் தனிச் சட்டமும் தனிக் கோர்ட்டும் ஏற்பட்டிருக்க, அவற்றைத் தனியார் மத்தியஸ்தத்தால் விலக்கிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டப்படி சேரவேண்டிய கூலியை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று கூலிச் சட்டமும் கூறுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்திற்காக உழைப்பை அடகு வைத்த ஒப்பந்தங்கள் அனைத்தையும் செல்லாதனவாக்கிற்று. கல்வராயன் மலையின் ஜாகீர்கள் சர்க்கார் வசமான அதே 1976ஆம் ஆண்டில் வந்த சட்டம் இது. ஏழையின் தேவையைப் பயன்படுத்தி வாங்கிய கையெழுத்தை எல்லாச் சமயத்திலும் மதிக்க இயலாது என்பது நம் நாட்டுச் சட்டத்தின் போக்கு.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவர்களும் இச்சட்டத்தின்படி 'தொழிலாளி' ஆகமாட்டார்கள். அவர்கள் விஷயத்தில் மத்தியஸ்த ஷரத்து கட்டுப்படுத்தக் கூடும். ஆகவே 'சூப்பர்வைசர்' என்ற பட்டத்தைப் பெருமையாக ஏற்குமுன், செய்யும் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, தானே விரும்பி ஏற்கும் மத்தியஸ்தத்திற்கும் ஒரு விலை உண்டு. சர்க்கார் அறிவிப்புப் பெற்ற மத்தியஸ்தம் நடக்கும் காலத்திலும், அது முடிந்து 60 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. மற்றச் சமயத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுப்பதும் இப்போது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். உரிமை இருக்கிறது என்று அவசரப்படுவோர் இவற்றை அறியாமல் தண்டனைக்கு உள்ளாகலாகாது.

5. பிற தேசங்களில்

நம் நாட்டுச் சட்டம் தடுத்து வைத்திருப்பதைப் பிற தேசங்களில் காணலாம். அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் தம் நலனுக்காகச் சேர்ந்து செயல்படும் உரிமையை அளித்தது. அங்கே 1925ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் ஒன்றும் உண்டு. இரண்டும் மோதிய எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில், 2018 மே 21ஆம் தேதி, தனித்தனி மத்தியஸ்த ஷரத்து செல்லும், சேர்ந்து வழக்காட முடியாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட நால்வர் சார்பில் எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், 2,000 டாலருக்கும் குறைந்த மிகைநேரக் கூலி பாக்கிக்காக ஒருவர் தனி மத்தியஸ்தத்தில் 2,00,000 டாலர் செலவிட நேரும் என்பதை எடுத்துக் காட்டினார். நாம் மேலே போட்ட கணக்கும் இதுவேதான்.

அதே 2018 நவம்பர் முதல் தேதி, கூகுள் கம்பெனியின் ஊழியர் ஏறக்குறைய 20,000 பேர், பாலியல் தொல்லைப் புகார்களைக் கம்பெனி கையாண்ட முறையைக் கண்டித்து வேலையை விட்டு வெளியே வந்து நின்றனர். கட்டாய மத்தியஸ்தத்தை ஒழிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. மறு ஆண்டு கம்பெனி அதனைக் கைவிட்டது. 2022 மார்ச்சில் பாலியல் தொல்லை வழக்குகளில் கட்டாய மத்தியஸ்தம் கூடாதென்று அமெரிக்கச் சட்டமே வந்தது. கானடாவில், உபர் வண்டியோட்டி ஒருவர் மத்தியஸ்தம் கேட்க வேண்டுமானால் 14,500 டாலர் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. அது அவருடைய ஓராண்டு வருவாயின் பெரும்பகுதி. அத்தகைய ஷரத்து நியாயமற்றது, செல்லாது என்று 2020இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது.

6. நம் மாநிலத்தில் அண்மையில்

2021ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் மேற்பார்வையாளர் ஒருவரால் கொலையுண்டார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்னும் பெண்கள் தலைமையிலான சங்கம் அதனைத் தனியொரு குற்றமாக மட்டும் விட்டுவிடாமல், ஆலைக்குள் பெண்கள் படும் தொல்லை முழுவதையும் முன்னிறுத்திப் போராடிற்று. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் ஏற்றுமதிக் கம்பெனியோடும், ஆடை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' ஏற்பட்டது. புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்கு வெளியே உள்ளவர்களை நியமித்து, அவர்கள் முடிவுக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. நடுவர் தீர்ப்பு இங்கேயும் உண்டு. ஆனால் அதன் வாசகத்தை எழுதும் இடத்தில் தொழிலாளர் சங்கமும் இருந்தது.

2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தமும் நம் நினைவில் இருக்கும். கூலியோடு, தம் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. இடையில் கம்பெனி தான் ஏற்றுக்கொண்ட தொழிலாளர் குழு ஒன்றோடு உடன்படிக்கை செய்துகொண்டது. வேலைநிறுத்தம் செய்தோர் அதனை ஏற்கவில்லை. சர்க்கார் முன்னிலையில் பேச்சு நடந்து, ஒரு மாதத்திற்கு மேல் நீடித்த வேலைநிறுத்தம் அக்டோபர் மத்தியில் முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. யாரோடு உடன்படிக்கை என்பது, என்ன உடன்படிக்கை என்பதைப் போலவே முக்கியமானது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

7. நாம் செய்ய வேண்டுவன

வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்வோம். கையெழுத்திடும் எந்தத் தாளுக்கும் நகல் கேட்டு வாங்க வேண்டும். புரியாத பாஷையில் உள்ள தாளை யாரேனும் வாசித்துச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். 'மத்தியஸ்தம்' என்ற சொல் வந்தால், மத்தியஸ்தரைத் தேர்ந்தெடுப்பவர் யார், செலவு யாருடையது, இடம் எது, சேர்ந்து பிராது கொடுக்கத் தடை உண்டா என்ற நான்கையும் பார்க்க வேண்டும். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடலாகாது. ஏற்கெனவே கையெழுத்திட்டவரும் எல்லாம் போயிற்று என்று சோர்ந்துவிட வேண்டுவதில்லை. தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் பிராது கொடுக்கும் உரிமையை அத்தாள் பறிக்கமாட்டாது. ஆனால் காலம் கடத்தலாகாது. தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கழிந்தால் அவர் அதனை எடுத்துக்கொள்ளமாட்டார்.

முடிவாக நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. கூட்டுறவுச் சங்கமும் ஒரு முதலாளியே. எடைபோடுபவர், மூட்டை தூக்குபவர், கணக்கெழுதுபவர், காவல் காப்பவர் என நம்மிடம் கூலி பெறுவோர் இருக்கின்றனர். சங்கத்தின் சம்பள ஊழியர் மீது எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தாவாவை 90ஆவது பிரிவே தன்னிலிருந்து விலக்கியிருக்கிறது. ஊழியரின் தகராறும் அங்கத்தினரின் தகராறும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தனர். நாமும் உணர்ந்து, நம் ஊழியர் சங்கம் சேர்ந்தால் முகம் சுளிக்காமல் இருப்போமாக. முதலாளியிடம் நாம் எதிர்பார்ப்பதை நம்மிடம் ஊழியர் எதிர்பார்க்கக் கூடாதென்றால், கூட்டுறவு என்ற பலகையை இறக்கிவிடலாம்.

மத்தியஸ்தம் நல்லது. சேர்ந்து நிற்பவர்கள், தகராறு இன்னதென்று அறிந்தபின், தாமே தேர்ந்த நடுவரிடம் செல்லும்போது அது நல்லது. தனித்து நிற்பவனிடம், வேலைக்காக ஏங்கும் நாளில், பின்னால் வரும் தகராறுகளுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் சம்மதத்திற்கு அந்த நற்பெயரைச் சூட்டலாகாது.

கற்போர் கூட்டத்தில் பேசத்தக்க வினாக்கள்

1. 90ஆவது பிரிவின்படி நடக்கும் மத்தியஸ்தத்திற்கும், வேலைத் தாளில் வரும் மத்தியஸ்த ஷரத்திற்கும் உள்ள வேற்றுமைகள் யாவை?

2. அகமதாபாத்தில் முதலாளிகள் மத்தியஸ்தத்திற்கு மீண்டும் இணங்கிய காரணம் என்ன?

3. 1920ஆம் ஆண்டுத் தடையுத்தரவு எந்த வாதத்தின்மேல் நின்றது? அவ்வாதத்தை எந்தச் சட்டம் தடுத்தது?

4. நம் சங்கத்தின் ஊழியர் நியமனத் தாளில் உள்ள ஷரத்துகள் எவை? அடுத்த கூட்டத்தில் ஒருவர் அதனை உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டு அபிப்பிராயம் கூறுக.